இன்னைக்குக் கடிக்கலைங்க

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான் முகம் மழிக்கப் போகும் சலூனில் ஒரு டீவி இருக்கிறது. போன மாதம் ஒருநாள் அதில் எந்த நாட்டுக்காரனோ ஒருவன் ஒரு பெரிய முதலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் புரண்டான். அதன் மூக்கில் முத்தம் கொடுத்தான். அதுவும் போதாதென்று, திறந்த வாய்க்குள் தலையை விட்டு எடுத்தான். காத்திருந்த இரண்டு பேர் கை தட்டினார்கள். சலூன்காரர் கத்தியை என் தொண்டையில் வைத்தபடியே டீவியைப் பார்த்து, "பழக்கினா எதையும் பழக்கலாம் போல ஐயா" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. தொண்டையில் கத்தி இருக்கும்போது எதிர்ப்பேச்சு எதற்கு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பேச்சுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் என்னுடையது இல்லை. அது வேறொருவருடையது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லாமல் போய்ப் பல வருடங்களாகிவிட்டன.

நான் கணக்கப்பிள்ளையாக இருந்த தோட்டம் பசறையைத் தாண்டி, பிபிலைப் பக்கம் இறங்குகிற சரிவில் இருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்களைக் காலையில் பெரட்டுக் களத்தில் கூட்டி, எந்த மலையில் யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுத்து, சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடியும்வரை அவர்கள் பின்னால் கத்திக்கொண்டே திரிவதுதான் என் உத்தியோகம். அவர் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் பங்களாத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். ரோஜாவையும் புல்லையும் பார்த்த நேரம் போக, ஒரு முதலையையும் பார்த்துக்கொண்டார்.

முதலை மலைநாட்டுப் பிராணி இல்லை. முன்பிருந்த ஒரு துரை, மகியங்கனைப் பக்கம் ஆற்றோரத்தில் யாரோ நண்பர் வீட்டுக்குப் போனவர், ஒரு குட்டியைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு ஜீப்பில் கொண்டுவந்தார். முழங்கை நீளம் இருந்தது. பங்களாவின் தாமரைத் தொட்டியில் விட்டார்கள். அது முதலில் தொட்டியின் மீன்களை முடித்தது, பிறகு தவளைகளை முடித்தது, பிறகு ஒருநாள் துரைசாணி ஆசையாக வளர்த்த வாத்தை முடித்தது. வாத்துக்குப் பிறகுதான் அதைத் தேயிலை ஸ்டோருக்குக் கீழே இருந்த பழைய குளத்துக்கு மாற்றி, சுற்றிக் கம்பி வேலி அடித்தார்கள். அப்புறம் அந்தத் துரை மாற்றலாகிப் போனார். தோட்டம் கம்பெனி கைக்கு மாறியது. நாற்காலி, மேசை, புல்வெட்டும் மெஷின், நாய் என்று பங்களாச் சாமான்களோடு முதலையும் புதிய துரைக்குக் கிடைத்தது. அதற்குள் அது ஆறடி ஆகியிருந்தது.

துரைமார் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்கள். பங்களாவில் சமையல்காரர் முதற்கொண்டு எல்லோரும் அந்தப் பெயரைச் செல்லமாகச் சொல்வார்கள். இவர் மட்டும் 'அது' என்பார். எட்டு வருடம் சோறு போட்டவர், ஒருதடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் துரையின் விருந்தாளிகள் சாப்பாடு முடிந்து முதலை பார்க்க இறங்கி வருவார்கள். கொழும்புக்காரர்கள், கண்டிக்காரர்கள், சில நேரம் வெள்ளைக்காரர்கள். வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கடிக்குமா? கேள்வி எந்த மொழியில் வந்தாலும் அவருக்குப் புரிந்துவிடும். கோட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, "இன்னைக்குக் கடிக்கலைங்க" என்பார். யாராவது மொழிபெயர்ப்பார்கள். விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். துரைக்குப் பெருமை தாங்காது. ஆள் பெரிய பகிடிக்காரர் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அவர் பகிடி விடுவதே இல்லை என்று புரிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

தீனி போடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கரையில் ஒரு தட்டைக் கல். கோழிக்குடல், மீன்தலை, எதுவானாலும் முதலில் அந்தக் கல்லில் கொட்டுவார். பிறகு தகர டப்பாவைக் கல்லில் மூன்று தரம் தட்டுவார். தட்டி முடித்ததும் திரும்பாமல், தண்ணீரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, மேட்டிலிருந்த கொய்யா மரத்தடிக்குப் போவார். பதினோரு எட்டு. நான் பலதடவை எண்ணியிருக்கிறேன். கொய்யா மரத்தில் முதுகு முட்டிய பிறகுதான் திரும்புவார். கையால் ஊட்டிக் காட்டச் சொல்லித் துரை எத்தனையோ தரம் கேட்டார். இவர் கேட்காதவர் மாதிரி நின்றுவிடுவார்.

இந்தப் பின்நடை அவருக்கு உடம்போடு ஒட்டிக்கொண்டது. துரையிடம் பேசிவிட்டு வரும்போதும் வராந்தாவிலிருந்து சமையலறை மூலைவரை பின்பக்கமாகவே வருவார். இந்தக் காலத்தில் இப்படி மரியாதை தெரிந்த ஆள் கிடைக்குமா என்று துரை எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். பங்களா நாய்க்குச் சோறு வைத்துவிட்டும், என்னிடம் பேசிவிட்டும் அப்படித்தான். நான் ஒருநாள், "உங்களுக்கு முதுகே கிடையாதா?" என்று கிண்டலாகக் கேட்டேன். "இருக்குங்க ஐயா, அதான்" என்றார்.

வாரத்தில் ஒருநாள் பதுளை மார்க்கெட்டுக்குப் போய் மீன்தலை எடுத்து வருவார். மீன்கடை நானா ஒரு வாளியில் சேர்த்து வைத்திருப்பார். அந்த வாளியோடு அவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வரும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, யுத்த காலம். வழியில் ஒரு சோதனைச் சாவடி. தமிழ் ஆட்களை இறக்கி வரிசையில் நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள். இவரிடம் அடையாள அட்டை கிடையாது. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பாதிப் பேரிடம் அப்போது கிடையாது. ஆனால் அங்கே இருந்த சார்ஜன் ஒருவர், வாளியின் நாற்றத்தாலோ இவர் தரும் வெற்றிலையாலோ, இவரை இறக்குவதில்லை. கையை ஆட்டிப் போகச் சொல்லிவிடுவார். "சார்ஜன் உங்களுக்கு நல்லாப் பழகிட்டாரு" என்றேன் ஒருநாள். "இன்னைக்கு எறக்கலைங்க" என்றார்.

இறக்கிய நாளும் வந்தது. அன்று காலை எங்கேயோ ஏதோ நடந்திருந்தது. அதே சார்ஜன், அதே வெற்றிலை வாங்கிய கை, கோட்டுக் கொலரைப் பிடித்துக் கீழே இறக்கியது. நான் துரையின் கடிதத்தோடு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ஒரு வாங்குப் பலகையில் நேராக உட்கார்ந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: வாளி எங்கே என்று. மீன்தலை வெயிலில் அழுகி ஈ மொய்த்துக் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு வாளியை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டார். சார்ஜனைத் திட்டக்கூட இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் அவருக்கு அடையாள அட்டை எடுத்துத் தருவதென்று இறங்கினேன். பிறப்புப் பதிவு இல்லை. தோட்டத்தின் பழைய பேரேட்டில் அவர் அப்பாவின் பெயரைத் தேடிப்பிடித்து, கடிதம் எழுதி, மூன்று தரம் பதுளையில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அழைத்துப் போனேன். அட்டை கைக்கு வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்குப் பாதையில் மலையேறினோம். அவர் முன்னால் நடந்தார். என்னென்னவோ பேசிக்கொண்டே போனார், திரும்பிப் பார்க்கவே இல்லை. பாதி வழியில்தான் உறைத்தது, நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன் என்று. காக்கிக் கோட்டின் முதுகில் நீல நிறத்தில் ஒரு ஒட்டு இருந்தது. எட்டு வருடத்தில் அதை அன்றுதான் பார்க்கிறேன். சின்னப் பிள்ளை மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு என்னோடு எங்கே வந்தாலும் அவர் முன்னால்தான் நடந்தார்.

இனிமேல் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குச் சோர்வாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவதில் அர்த்தம் இல்லை.

மார்கழியும் தையும் எங்கள் பக்கம் மழையும் குளிருமாக இருக்கும். கீழ்நாட்டு வெயிலில் கிடக்க வேண்டிய பிராணிக்கு அது ஆகாது. கரையில் வெட்டிப்போட்ட மரக்கட்டை போலக் கிடக்கும். மழை மேலே விழுந்தாலும் கண் திறக்காது. அந்த இரண்டு மாதமும் அவர் தீனியை நன்றாகக் குறைத்துவிடுவார். தின்றது செமிக்காது என்பார். அட்டை வந்த அந்த வருடம் தையில்தான் துரை அந்தக் காட்சியைப் பார்த்தார்; அதற்கு முன் அந்த மழையில் அவர் குளத்துக்கு இறங்கியதில்லை. கம்பால் அதன் வாலைத் தொட்டார், அசையவில்லை. சப்பாத்துக் காலை அதன் முதுகில் தூக்கி வைத்தார், அசையவில்லை. படம் எடுத்துக்கொண்டார். மிருகம் பூனைக்குட்டி மாதிரிப் பழகிவிட்டது என்று தனக்குத் தெரிந்த தமிழில் எல்லோரிடமும் சொன்னார். நானும் அருகில் நின்று ஆமாம் போட்டேன். மேலே ஏறும்போது இவர் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"பழகலைங்க ஐயா. குளிருக்கு வெறைச்சுக் கெடக்குது. வெயில் வரட்டும், அப்பப் பாருங்க."

குளத்தைச் சுற்றியிருந்த வேலிக்கட்டைகள் அந்த மழையோடு உக்கி விழுந்திருந்தன. குளத்தங்கரைவரை இறங்கி வருவது ஒன்பதாம் நம்பர் மலை. அதன் கடைசி இரண்டு நிரைகளில் எந்தப் பெண்ணும் கால் வைக்க மாட்டாள். கொழுந்து முற்றி, செடி ஆளுயரம் வளர்ந்துகொண்டிருந்தது. துரைக்கு அது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. ஒரு வாரத்தில் அந்த நிரைகள் எடுபட வேண்டும், இல்லாவிட்டால் வேறு கணக்கப்பிள்ளை பார்த்துக்கொள்வேன் என்றார். பெண்களிடம் கெஞ்சினேன், அதட்டினேன். மருதாயி என்று ஒருத்தி, முதலைக்குத் தீனி போடும் அவருடைய மனைவியின் தங்கை, வாய்க்காரி, கூட்டத்துக்கு நடுவில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தொரை சொன்னா ஆச்சா? எங்க அத்தான் சொல்லட்டும், பழகிருச்சுன்னு. நாங்க போறோம்."

மறுநாள் காலைப் பெரட்டில் நான் சொன்னேன்: "அவரே சொல்லிட்டாரு. பழகிருச்சாம். பயமில்லையாம்."

பொய் சொல்லும்போது நாக்குத் தடுமாறும் என்பார்கள். எனக்குத் தடுமாறவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கூடையை மாட்டினார்கள்.

அன்று மத்தியானம் அவர் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தார். தராசுப் பக்கம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

"நான் அப்பிடிச் சொன்னேனுங்களா ஐயா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். துரை சொன்னது, என் வேலை, எனக்கிருக்கும் குடும்பம். குளிர் இருக்கும்வரை அது அசையாது என்பது அவரே சொன்னதுதானே என்றேன். "இந்தக் குளிருல அசையாதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் நான் அவர்களுக்குச் சொன்னேன், கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். இப்போது அவர் போய் இல்லையென்று சொன்னால் என் கதை முடிந்தது என்றும் சொன்னேன். கச்சேரியை நான் ஞாபகப்படுத்தவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அட்டை அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

தராசுத் தட்டில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார்.

"மாசி பொறக்குறதுக்குள்ள அந்த ரெண்டு நெரையையும் நிப்பாட்டிருவீங்களா?"

"நிப்பாட்டிருவேன்."

"சரிங்க" என்று சொல்லித் திரும்பி நடந்தார். முதுகில் நீல ஒட்டு தெரிந்தது.

அன்று அவர் லயத்துப் பக்கம் போனபோது பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்களாம். "ஐயா பாத்துக்குவாரு" என்று மட்டும் சொன்னாராம். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. என்மேல் வைத்த நம்பிக்கை, அவ்வளவுதான். அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

மாசி பிறந்தது. மழை விட்டு வெயில் ஏறியது. மலை முழுக்கக் கொழுந்து பொங்கியது. அந்த இரண்டு நிரைகளிலும் குளத்து ஈரத்துக்கு வந்த கொழுந்து மாதிரி நான் எங்கேயும் பார்த்ததில்லை. துரை என் தோளில் தட்டினார். இந்தச் சுற்று முடியட்டும், அடுத்த சுற்றில் நிறுத்தலாம் என்று நினைத்தேன். அவர் ஒருதடவை வந்து ஞாபகப்படுத்தினார், ஆகட்டும் என்றேன். எட்டு நாள் கழித்து மறுபடி வந்தார். அது கண்ணைத் திறந்துவிட்டது, தகரத்தைத் தட்டும் முன்பே கரைக்கு வருகிறது என்றார். ஆட்கள் தூரத்தில் நின்று பார்க்க, வந்து இப்படிக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "நீங்க ரோசாவைப் பாருங்க. மலையை நான் பார்த்துக்கிறேன்" என்றேன். பங்களாப் பக்கம் போய்விட்டார். எனக்குக் கொழுந்துதான் பெரிதாகத் தெரிந்தது. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அது நடந்தது காலைப் பத்து மணித் தேத்தண்ணீர் நேரம். மருதாயி கரையிலிருந்த தட்டைக் கல்லில் தன் தூக்குவாளியை வைத்தாள். தகர வாளி. மூடி இறுகியிருந்தது, கழற்றுவதற்காக வாளியைக் கல்லில் இரண்டு தரம் தட்டினாள், மூன்று தரமாகவும் இருக்கலாம். நான் மேலே பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்திலிருந்து அது வந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீர் இருந்தது, அடுத்த கணம் மருதாயி தரையில் இருந்தாள். பெண்கள் அவள் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு கிழிந்து அதன் வாயில் மாட்டிக்கொண்டது. அந்தச் சாக்குத்தான் அவளைக் காப்பாற்றியது. மேலே பங்களாத் தோட்டத்திலிருந்து அவர் சரிவில் உருண்டு புரண்டு ஓடி வந்தார். மருதாயியிடம் போகவில்லை. எதிர்க்கரைக்கு ஓடிப்போய் அங்கே ஒரு கல்லில் கையோடு கொண்டுவந்த தகர டப்பாவை அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அது சாக்கை வாயில் கவ்வியபடி சத்தம் வந்த திசைக்குத் திரும்பி நீந்தியது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். மருதாயியின் காலைக் கட்டி லொறியில் ஏற்றும்போது, சுற்றி நின்ற எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆர் சொன்னது உது பழகீட்டுது எண்டு?" யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் கால் தப்பியது, கெண்டைச்சதை தப்பவில்லை. மருதாயி பிறகு மலைக்குப் போகவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து முதலையைக் கொண்டுபோக வனவிலங்கு இலாகா ஆட்கள் லொறியோடு வந்தார்கள். கயிறு போடத் தெரிந்தவர்கள்தான், ஆனால் அவர் அவர்களை விடிகிற நேரம்வரை காத்திருக்கச் சொன்னார். ஈரப்பனி இருக்கும்போதே கரைக்கு இறங்கி, பின்னாலிருந்து அதன் கண்களில் நனைந்த சாக்கைப் போட்டு, வாயைச் சேர்த்துக் கட்டினார். அரை மணியில் வேலை முடிந்தது. வந்த அதிகாரி ஆச்சரியப்பட்டு, இது உன்னைக் கடிக்காதா என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். "இன்னைக்குக் கடிக்கலைங்க" என்றார். அதிகாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழ்நாட்டில் ஏதோ ஒரு குளத்தில் விடப்போவதாகச் சொன்னார்கள். லொறி புறப்படும் நேரத்தில் அவர் என் பக்கம் பார்க்காமல், அதிகாரிக்கு ஒன்று சொல்லிவிடச் சொன்னார்.

"ஆளைக் கண்டா இது வரும்னு சொல்லுங்க ஐயா. மத்தது ஆள் வாடையில ஓடும், இது ஓடாது. பழக்குறேன்னு அதுக்கு இருந்த பயத்தைத்தான் எடுத்துப்புட்டோம். வேற ஒண்ணும் குடுக்கலை."

அதையும் மொழிபெயர்த்தேன். அவர் சார்பாக நான் திரிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு ஏறிப் போனார்.

இவ்வளவோடு முடிக்கலாமென்று பார்த்தேன். ஆனால் தோட்டத்து ஆபீசான கந்தோரில் நடந்த விசாரணையைச் சொல்லாமல் விட்டால் நான் இன்னொருதடவை பொய் சொன்னவன் ஆவேன்.

அது லொறி வருவதற்கு நாலு நாள் முந்தி. துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முதலையின் முதுகில் சப்பாத்துக் காலை வைத்து எடுத்த படம் அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தது. பழகிவிட்டதென்று ஆட்களுக்குச் சொன்னது யார் என்று கேட்டார். பெண்கள் அவர் பெயரைச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு வந்த செய்தி அது. துரை இவர் பக்கம் திரும்பி, நீ சொன்னாயா என்றார். இவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. குளத்தங்கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பேனா என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரியும். என் வேலை, லயத்தில் இல்லாமல் தனிவீட்டில் இருந்த என் குடும்பம், படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கண் முன்னால் வந்தன. நான் தரையைப் பார்த்தேன்.

"சொன்னதாத்தான் இருக்குதுங்க" என்றார் அவர்.

பங்களா வேலையிலிருந்து அவரை எடுத்து மலையில் முள்ளுக்குத்தப் போட்டார்கள். அறுபதை நெருங்கிய ஆள், கல்லும் மண்ணுமான சரிவில் இரும்பு முள்ளால் நிலத்தைக் கிளறினார். பங்களாவின் பின்கட்டில் இருந்த அறையைக் காலி செய்து லயத்துக்குப் போனார். நான் அந்தத் தோட்டத்தில் இன்னும் ஒன்பது வருடம் வேலை பார்த்து, மாலை போட்டு அனுப்பப்பட்டேன்.

இப்போது பதுளையில் மகன் வீட்டில் இருக்கிறேன். வருடத்தில் இரண்டு தரமாவது அவரைப் பார்க்கப் போவேன். வெறுங்கையோடு போவதில்லை. பிஸ்கட், வெற்றிலை, புகையிலை. அவரும் வாங்கிக்கொள்வார். வாங்கில் உட்காரவைத்துச் சாயத்தண்ணி தருவார். பக்கத்து வீட்டுக் காம்பராவில்தான் மருதாயி இருக்கிறாள், காலை நீட்டியபடி வாசலில் உட்கார்ந்து, "ஐயா சொகமா?" என்று கேட்பாள். அவளுக்கு இன்றைக்கும் என்மேல் மரியாதைதான். அந்தப் பெரட்டில் நான் சொன்னது பொய் என்று அவர் அவளிடம் இந்த நாள்வரை சொல்லவில்லை. அந்தச் 'சொகமா'வை அவள் வாயிலிருந்து கேட்கும்போதுதான் எனக்கு உயிர் போகும்.

சலூனுக்குப் போய்வந்த அடுத்த வாரமும் போயிருந்தேன். பேச வேறு எதுவும் இல்லாமல், டீவியில் பார்த்த அந்த ஆளைப் பற்றிச் சொன்னேன். கட்டிப் பிடித்தது, முத்தம் கொடுத்தது, வாய்க்குள் தலையை விட்டது. கேட்டுக்கொண்டே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார்.

"அது எந்த மாசத்துல எடுத்த படமுங்க?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்குத் தெரியாது என்றேன். சரிதான் என்பது போல வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் நெடுநாள் சுமந்ததை அன்று இறக்கிவிடலாமென்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகி எழுந்தபோது, அவரும் வழக்கம்போல லயத்து மூலைவரை என் கூட வந்தார். பக்கத்தில்தான் வந்தார், முன்னால் வரவில்லை. மூலையில் நின்று, "அன்னைக்குக் கந்தோர்ல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும் ஐயா. வெளிச்சம் இருக்கும்போதே பஸ்ஸைப் புடிங்க. போயிட்டு வாங்க."

குரலில் குறை ஒன்றும் இல்லை. நான் தந்த பிஸ்கட் பார்சலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் கிளம்பவில்லை, அவர் போகட்டும் என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே ஓர் எட்டுப் பின்னால் வைத்தார். பிறகு இன்னொன்று. அவசரமில்லாமல், கால் தடுக்காமல், பழகிய நடையில் பின்பக்கமாகவே போனார். பதினோரு எட்டுவரை எண்ணினேன். அதற்குப் பிறகும், கதவுவரை அவர் திரும்பவில்லை.